விரலில் பூனை கடித்தால் களிம்பு போதுமா?

ஜூன் 3, இரவு 9.10 (கேள்வி)

வளர்ப்புப் பூனையைக் கூண்டில் அடைக்கும்போது வலது ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. உள்ளங்கைப் பக்கம், நடு மூட்டின் மடிப்பு மேலேயே ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள். ரத்தம் ஒரு சொட்டு கூட வரவில்லை. குழாயில் காட்டிக் கழுவிவிட்டேன். நாய் கடித்தால்தான் ஆபத்து, பூனைக் கடி தானாக ஆறிவிடும் என்பது என் எண்ணம். களிம்பு தடவினால் போதும்தானே?

ஜூன் 3, இரவு 9.35

போதாது. விரலில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றுங்கள், வீங்கிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் மறுபடி குழாயடிக்குப் போங்கள். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். பொவிடோன் அயோடின் இருந்தால் அதற்குப் பிறகு ஊற்றலாம். இறுக்கிக் கட்டாதீர்கள், களிம்பை அப்பி ஓட்டையை அடைக்காதீர்கள். கழுவியதும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட வேண்டாம்.

ஜூன் 3, இரவு 10.20

ஏன் இவ்வளவு அவசரம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவிலும், அப்புறம் கை அறுவைப் பிரிவிலும் செவிலியராக வேலை பார்த்தவள் நான். விரல் கடியில் காயத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை அங்கேதான் கற்றேன்.

நாயின் பல் மொண்ணை. நசுக்கும், கிழிக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் காயம் திறந்து கிடக்கும். உள்ளே தண்ணீர் போகும், அழுக்கு வெளியே வரும். பூனையின் பல் மெல்லியது, நீளமானது. நேராக உள்ளே இறங்கி, இருக்கிற கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வரும். மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். ரத்தம் வரவில்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள், வந்திருந்தால் ஓரளவாவது கழுவிவிட்டிருக்கும்.

சரி, ஆழத்தில் என்ன இருக்கிறது? தொடையில் கடித்தால் தோலுக்கு அடியில் கொழுப்பும் சதையும் உண்டு. விரலில் அதெல்லாம் கிடையாது. மடிப்புக் கோடு இருக்கும் இடத்தில் தோலுக்கும் தசைநாண் உறைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு. விரலை மடக்கும் தசைநாண் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, அதுதான் உறை. உள்ளங்கையில் தொடங்கி விரலின் கடைசி மூட்டு வரை அந்தக் குழாய். உள்ளே வழுக்குவதற்குக் கொஞ்சம் நீர், ரத்த ஓட்டம் மிகக் குறைவு. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? உள்ளே சீழ் கட்டி அழுத்தம் ஏறினால் தசைநாணுக்கு இருக்கிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் பெரும்பாலானவர்களுக்கு இந்த உறை மணிக்கட்டு வரை நீள்கிறது. அதனால் சுண்டுவிரலில் நுழைந்தது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டைவிரலில் தலைகாட்டுவதும் உண்டு.

மருத்துவப் புத்தகங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: நாய்க் கடியில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை சீழ் பிடிக்கும், பூனைக் கடியில் 30 முதல் 50 வரை.

ஜூன் 3, இரவு 10.50

கிளம்பிவிட்டீர்களா?

ஜூன் 4, காலை 7.15

கிளம்பவில்லையாம். இப்போது எழுதியிருக்கிறார்: விரல் முழுக்க வீங்கி, விடிகாலை நாலு மணிக்கு வலி எழுப்பிவிட்டதாம்.

இந்த வேகத்தைக் கவனியுங்கள். பாஸ்டுரெல்லா என்று ஒரு கிருமி, பூனைகளின் வாயில் சாதாரணமாக இருப்பது. கடித்த சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் சிவப்பும் வீக்கமும் வலியும் கிளம்பினால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள். நம் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை பொதுவாக இன்னும் சாவகாசமாக வரும்.

ஐயா, இதைப் படிக்கும்போது வண்டியில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் காலைச் சாப்பாட்டை டாக்டர் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் அதைப் போனதும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 4, காலை 8.40

மற்றவர்களுக்காக: வீங்கிய விரலில் எதைப் பார்க்க வேண்டும்? சிகாகோவில் இருந்த ஆலன் கேனவெல் என்ற அறுவை மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்ன, உறைக்குள் சீழ் பிடித்ததைக் காட்டும் அடையாளங்கள் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. விரல் ஒரு பக்கமாக இல்லாமல் முழு நீளத்துக்கும் உருண்டு வீங்கியிருக்கும். விரல் தானாகவே லேசாக மடங்கி நிற்கும், அதுதான் அதற்கு வசதி. உள்ளங்கைப் பக்கம் உறை ஓடும் பாதை நெடுக அழுத்தினால் வலிக்கும். நான்காவதாக, இன்னொருவர் அந்த விரலை மெல்ல நிமிர்த்தினால் நோயாளி துள்ளுவார்.

நான்கும் ஒன்றாக வரும் வரை காத்திருக்கக் கூடாது. பல நேரம் முதலில் வருவது அந்த நிமிர்த்தும் வலிதான். நான் செய்வது இப்படி: கடிபட்ட இடத்தைத் தொடவே மாட்டேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நக நுனியை மட்டும் பிடித்து மெல்ல நிமிர்த்துவேன். முகத்தில் தெரிந்துவிடும். வாய் ‘பரவாயில்லை சிஸ்டர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், கண் வேறு சொல்லும்.

ஜூன் 4, பகல் 1.05

நேற்றுச் சொன்ன 30, 50 கணக்கைப் பற்றி மறுபடி யோசித்தேன். அது மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. லேசாகக் கீறிவிட்டது, துடைத்துவிட்டேன் என்று வீட்டிலேயே இருந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆக, பூனை தொட்டாலே பாதிப் பேருக்குச் சீழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கையில், மூட்டுக்கு மேலே, குத்திய ஓட்டையாக இருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கானதுதான்.

ஜூன் 4, மாலை 6.30

‘வீட்டுப் பூனைதானே, வெறிநோய் ஊசி எதற்கு’ என்று ஒரு தம்பி. ‘ரத்தம் வராவிட்டால் ஊசி தேவையில்லை’ என்று அவருக்கு இன்னொருவர் பதில். பதில் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் பிரிப்பில் ரத்தம் வராத மேலோட்டமான கீறலும், துணி மூடாத தோலை லேசாகக் கவ்வியதும் இரண்டாம் வகை. பல் தோலைத் துளைத்துவிட்டால் ஓட்டை ஒன்றே ஆனாலும் மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளையும் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். விரல் நுனியில் நரம்பு அடர்த்தி, அதனால் கைக் கடியை எங்கேயும் இலேசாக எடுப்பதில்லை.

அந்த இம்யூனோகுளோபுலின் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. விரலில் இடம் இல்லை. கணக்குப்படி வரும் அளவு முழுவதையும் அதில் திணித்தால் விரலுக்கு ரத்த ஓட்டமே தடைப்படும். எவ்வளவு ஏறுமோ அவ்வளவு, மெதுவாக. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். அவசரப் பிரிவில் நோயாளி என் கையைப் பிடித்து நசுக்கிய தருணங்களில் முக்கால்வாசி இந்த ஊசிக்காகத்தான்.

கடித்த நாயோ பூனையோ 10 நாள் நலமாக இருந்தால் மீதி ஊசிகளை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவு செய்வார். ஆனால் முதல் ஊசிக்காக 10 நாள் காத்திருப்பது கிடையாது. கீழே ஒருவர் ‘பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். அதைத்தான் 10 நாளும் தினமும் கேட்க வேண்டும்.

ஜூன் 5, காலை 6.50

கேட்டவரின் தம்பி எழுதியிருக்கிறார்: இரவே அறுவைக்கூடத்துக்கு அழைத்துப்போய் உறையைத் திறந்து கழுவியிருக்கிறார்கள். ரத்தக் குழாய் வழியாக மருந்து போகிறது. இனிமேல் விரல் அவர்கள் பொறுப்பு.

அவர் கேட்ட இன்னொன்று: ‘கடித்த காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள், அலட்சியமா?’ இல்லை தம்பி. கையில் கடித்த காயத்தைத் தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவது போல. பெரிய கிழிசலாக இருந்தால் சில நாள் கழித்து, சுத்தமான பிறகு தைப்பார்கள். முகம் வேறு கதை. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் முக்கியம்.

ஜூன் 5, இரவு 9.00

மனிதக் கடி பற்றி யாருமே கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். ‘கதவில் இடித்தது’, ‘சுவரில் குத்தினேன்’, ‘தகரம் கிழித்தது’ என்றுதான் வருவார்கள். நடுவிரல் அல்லது மோதிர விரலின் அடி முட்டிக்கு மேலே, புறங்கைப் பக்கம், அரை சென்டிமீட்டர் வெட்டு. சண்டையில் எதிராளியின் பல்லில் குத்திய காயம் அது.

இதன் சூது புரிய வேண்டும். குத்தும்போது கை முஷ்டியாக மடங்கியிருக்கிறது. பல் தோலைத் துளைத்து, நீட்டும் தசைநாணைத் துளைத்து, மூட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. சண்டை முடிந்து கையை விரித்ததும் தோல் ஒரு பக்கம் நகர்கிறது, தசைநாண் இன்னொரு தூரம் நகர்கிறது. மூன்று ஓட்டைகளும் இப்போது ஒரே நேர்கோட்டில் இல்லை. விரித்த கையைப் பார்க்கிறவருக்கு மேலோட்டமான கீறல்தான் தெரியும். உள்ளே மூட்டு, எச்சிலோடு சேர்த்து மூடிக் கிடக்கிறது. அதனால் முஷ்டியை மடக்கச் சொல்லித்தான் காயத்தைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுப்பது எலும்பு உடைந்ததா என்று பார்க்க மட்டும் இல்லை, உடைந்த பல் துண்டு உள்ளே இருக்கிறதா என்றும் பார்க்க.

கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பேன். ‘யாரை அடித்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ‘பல் பட்டிருந்தால் மருந்து வேறு, அதற்காகக் கேட்கிறேன்’ என்றால் பெரும்பாலும் தலை ஆடிவிடும்.

மருந்து வேறு என்பது சும்மா சொல்வது இல்லை. மனித வாயில் ஐகெனெல்லா என்று ஒரு கிருமி. வீட்டில் மிச்சம் கிடக்கும் செஃபலெக்சின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை அதனிடம் பலிக்காது. இவற்றைத் தனியாகக் கொடுத்தால் பாஸ்டுரெல்லாவிடமும் நம்ப முடியாது. கடிக்கு முதலில் எடுப்பது அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை. சீழ் வருமுன் தடுக்க என்றால் 3 முதல் 5 நாள். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு கூட்டு உண்டு, அதை டாக்டர் எழுதட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாகப் போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் போடுவார்கள். மனிதக் கடி என்றால் ஹெபடைடிஸ் பி பற்றியும் கேட்பார்கள்.

ஜூன் 6, காலை 11.20

‘ஆதாரத்துக்கு என்ன எழுதி வைக்க வேண்டும் அக்கா’ என்று ஒரு தங்கை, ஒரு மருத்துவ நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர். நல்ல கேள்வி, நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விரலுக்குப் பெயர் எழுது, எண் எழுதாதே. ‘இடது 2ஆம் விரல்’ என்று எழுதியிருப்பார்கள். கட்டைவிரலைச் சேர்த்து எண்ணினார்களா, விட்டுவிட்டு எண்ணினார்களா? ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று எழுதினால் சந்தேகமே இல்லை. அப்புறம் உள்ளங்கைப் பக்கமா புறங்கைப் பக்கமா, கட்டைவிரலை நோக்கிய ஓரமா சுண்டுவிரலை நோக்கிய ஓரமா, எந்த மூட்டுக்கு எவ்வளவு தூரத்தில். அளவு மில்லிமீட்டரில். ‘சிறிய காயம்’ என்பது அளவு இல்லை.

நேரம். வந்த நேரத்தை எல்லாரும் எழுதுவார்கள், கடித்த நேரத்தை விட்டுவிடுவார்கள். கடித்து ஆறு மணி நேரத்தில் இந்தச் சிவப்பா, மூன்று நாளில் இந்தச் சிவப்பா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கழுவினார்களா, எப்போது, எதனால். என்ன பிராணி, யாருடையது, தடுப்பூசி போட்டதா, சீண்டியதால் கடித்ததா, சும்மா இருந்தபோது கடித்ததா. நோயாளி எந்தக் கைக்காரர், என்ன தொழில். மண்ணீரல் எடுத்தவரா என்றும் கேள். அப்படிப்பட்டவருக்கு நாய் எச்சிலில் இருக்கும் கேப்னோசைட்டோபேகா என்ற கிருமி உயிருக்கே ஆபத்து, காயம் கடுகளவு இருந்தாலும்.

மரத்துப்போகும் ஊசி போடுமுன் உணர்ச்சியைச் சோதித்து எழுதிவிடு. இதை மட்டும் கொட்டை எழுத்தில் போடத் தோன்றுகிறது. விரலின் இரண்டு ஓரத்திலும் தனித்தனி நரம்பு, தனித்தனியாகத் தொட்டுக் கேட்க வேண்டும். ஊசி போட்ட பிறகு ‘உணர்ச்சி இல்லை’ என்று எழுதினால் அது கடியாலா, ஊசியாலா, யாருக்குத் தெரியும்? அதே போல அசைவு. நடு மூட்டை நீ பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்: அது ஆழத்துத் தசைநாண். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் மடக்கச் சொல்: அது மேல் தசைநாண். நீட்டவும் சொல். மூன்றையும் எழுது.

இல்லாததையும் எழுத வேண்டும். ‘நிமிர்த்தும்போது வலி இல்லை, உறைப் பாதையில் அழுத்தினால் வலி இல்லை, இரவு 11.30’. இந்த ஒரு வரி இருந்தால் காலையில் வருகிறவர் ஒப்பிட்டுப் பார்த்து ‘இப்போது இருக்கிறதே’ என்று உடனே மேலே சொல்ல முடியும். ‘நலமாக உள்ளார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதோடு ஒப்பிடுவது? சிவப்பின் எல்லையைப் பேனாவால் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிடு. என் அனுபவத்தில் அந்தக் கோட்டுக்கு நிகரான கருவி இல்லை. நோயாளிக்கே புரியும், கோட்டைத் தாண்டியதும் அவரே கூப்பிடுவார்.

ஜூன் 6, பகல் 12.10

படம் எடுப்பதை விட்டுவிட்டேன். முழுக் கை தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அதே இடத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. அளவுகோல் காயத்தின் மட்டத்திலேயே இருக்க வேண்டும், கேமரா நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்தால் அளவு பொய். எடுக்குமுன் நோயாளியின் சம்மதம், அது பதிவிலும் இருக்கட்டும். உன் சொந்த போனில் எடுத்துக் குழுவில் அனுப்பாதே.

ஜூன் 7, இரவு 8.15

இந்தக் கேள்வி பதில் இழை இப்போது வழக்குப் பக்கம் போய்விட்டது. ‘பல் தடத்தை வைத்து யார் கடித்தார் என்று கண்டுபிடிக்கலாமே, கழுவினால் தடயம் போய்விடுமே’ என்கிறார் ஒருவர்.

தடத்தை வைத்து ஆளைச் சொல்வதை நம்பாதீர்கள். தோல் இழுபடும், வீங்கும். விரலோ உருண்டை, அதில் இரண்டு மூன்று பல் பட்டாலே பெரிது. அமெரிக்காவில் ரே க்ரோன் என்பவருக்கு 1992இல் பல் தடத்தை முக்கியச் சான்றாகக் காட்டி மரண தண்டனை கொடுத்தார்கள். மரபணுச் சோதனையில் அவர் இல்லை என்று தெரிந்து 2002இல் வெளியே வந்தார். அந்த நாட்டின் தேசிய அறிவியல் அகாடமி 2009 அறிக்கையில் இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடித்தளம் இல்லை என்றே எழுதியது.

எச்சிலில் இருக்கும் மரபணு வேறு விஷயம். தாக்குதல் வழக்கு என்று முதலிலேயே தெரிந்தால், காயத்தைச் சுற்றியுள்ள தோலில் ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை, உலர்ந்த குச்சியால் ஒருமுறை ஒற்றி எடுத்து, காயவைத்து, முத்திரை போட்டு, யார் கையில் எப்போது கொடுத்தோம் என்று எழுதுவார்கள். எடுக்கப் பயிற்சி பெற்றவர் அங்கேயே இருந்தால் அதற்குச் சில நிமிடம் போதும். ஆள் வரட்டும் என்று மணிக்கணக்கில் கழுவாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. விரல்தான் முதலில்.

பதிவில் ‘கணவர் கடித்த காயம்’ என்று எழுத மாட்டோம். ‘கணவர் கடித்ததாகச் சொல்கிறார்’ என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவோம். கீழே காயம் எப்படி இருக்கிறது என்று தனியாக. நாம் பார்த்தது வேறு, கேட்டது வேறு. நீதிமன்றத்தில் கேள்வி வரும்போது அந்தப் பிரிப்புதான் எழுதியவரைக் காப்பாற்றும்.

ஜூன் 8, காலை 10.00

பாம்பு பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: அது தனி இழை. இங்கே எழுதினால் கழுவு, மேலே தூக்கு என்பதையெல்லாம் அதற்கும் செய்துவிடுவார்கள். மோதிரத்தைக் கழற்று, கட்டுப் போடாதே, வெட்டாதே, கையை ஆட்டாமல் உடனே மருத்துவமனை. அவ்வளவுதான்.

ஜூன் 8, இரவு 9.45

குழந்தையின் விரல் நுனியில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள், ‘அண்ணன் கடித்திருப்பானோ’ என்று ஒரு அம்மா. இருக்கலாம். ஆனால் விரல் சூப்பும் குழந்தை, வாயோரத்திலும் புண் இருக்கிறது என்கிறீர்கள். ஹெர்பீஸ் வைரஸ் விரலுக்கு இறங்கினாலும் இப்படித்தான் தெளிந்த நீரோடு கொத்தாக வரும். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கும் முன்பு நிறைய வரும், கையுறை பழக்கம் அதைக் குறைத்தது. யாராவது சீழ் என்று நினைத்துக் கீறப் போனால் தடுத்துவிடுங்கள். கீறினால் பரவும், மேலே வேறு கிருமியும் ஏறும். டாக்டர் பார்க்கட்டும்.

ஜூன் 10, மாலை 5.20

எலிக் கடி. காயம் ஆறிப்போயிருக்கும், எல்லாரும் மறந்திருப்பார்கள். 3 முதல் 10 நாளில், சில நேரம் மூன்று வாரம் கழித்துக் கூட, காய்ச்சல், மூட்டு வலி, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு. காய்ச்சலுக்குப் போகிற இடத்தில் ‘எலி கடித்தது’ என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாகக் கேட்பது அபூர்வம். வளர்ப்பு எலியும் எலிதான். பெனிசிலினில் அடங்கும் நோய்.

ஜூன் 12, இரவு 8.30

பூனைக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். விரல் ‘மரக்கட்டை மாதிரி’ இருக்கிறதாம், அசைத்தால் பிரிந்துவிடுமோ என்று பயந்து பொத்தி வைத்திருக்கிறாராம். பொத்தி வைப்பதுதான் இனிமேல் எதிரி. சீழ் அடங்கியதும் தசைநாண் உறையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், அசைத்தால்தான் ஒட்டாது. எப்போது, எவ்வளவு என்பதை உங்கள் அறுவை மருத்துவரும் கைப் பயிற்சி கொடுப்பவரும் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். விறைப்பு வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கிலும்.

ஜூன் 12, இரவு 8.55

அவருடைய அடுத்த கேள்வி: 3ஆம் தேதி கடித்தது, வெறிநோய் ஊசி 4ஆம் தேதி முதலில் போட்டார்கள், அட்டையில் 0, 3, 7 என்று இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? கடித்த நாளிலிருந்து இல்லை. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. உங்களுக்கு 7ஆம் தேதியும் 11ஆம் தேதியும். நேற்றைய ஊசி போட்டாயிற்றா? விட்டுப்போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நாளைக் காலையில் அட்டையோடு போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.